காதுகேளாதவர்களின் உரிமைக் குழுவில் குரல் பதிவு எதற்கு?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் காதுகேளாதவர்களின் அரசியல் உரிமைக்காக இன்னொரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் என்பதால் என்னையும் சேர்த்துவிட்டார்கள். அட்மின்கள் எல்லாருக்கும் நன்றாகக் காது கேட்கும். முதல் நாளே நீளமான குரல் பதிவு, அதன் கீழே அதைவிட நீளமான தமிழ் அறிக்கை. காதுகேளாத உறுப்பினர்கள் வரிசையாகக் கட்டைவிரலைக் காட்டியிருந்தார்கள். மறுநாள் "உறுப்பினர்கள் அனைவரின் ஒப்புதலோடு" என்று மனு தயாராகிவிட்டது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரை வீடியோ காலில் அழைத்து, மனு எதைப் பற்றியது என்று கேட்டேன். பஸ் பாஸ் பற்றியது என்றார். மனுவில் பஸ் பாஸ் என்ற பேச்சே இல்லை.

இப்படி எத்தனை குழுக்களைப் பார்ப்பது? நல்ல எண்ணத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் காதுகேளாதவரின் பெயரில் அவருக்கே தெரியாத கோரிக்கை போய்ச் சேர்கிறது.

நான் சலிக்காமல் பதில் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் தம் பேரனைப் பற்றிக் கேட்டதும் அதுதான்: "பத்தாவது பாஸ் பண்ணிருக்கான்ல, எழுதிக் குடுத்தாப் படிச்சுக்க மாட்டானா?" ஆச்சி கேட்டால் புரிகிறது. சங்கம் நடத்துகிறவர்களும் கட்சிக்காரர்களும் அதையே கேட்கும்போதுதான் பொறுக்க முடியவில்லை.

காது கேட்கும் குழந்தை பள்ளிக்குப் போகுமுன்பே வீட்டுப் பேச்சிலிருந்து தமிழை எடுத்துக்கொள்கிறது. எழுத்து அதன் மேல்தான் ஏறுகிறது. காதுகேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் சைகை மொழி இல்லை, பேச்சும் எட்டாது. அந்தக் குழந்தைக்கு எழுத்துத் தமிழ் காதால் கேட்டே இராத ஒரு மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. காலத்தை முதலில் சொல்வார்கள், கேள்விச் சொல் கடைசியில் வரும், புருவமும் முகமும் இலக்கண வேலை செய்யும். தமிழில் நாம் விகுதியில் சொருகிவிடுவதை அவர்கள் முகத்தில் காட்டுகிறார்கள். "மனு ஏற்கப்படாவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்" என்று எழுதினால், அந்த "ஆவிட்டால்" நழுவிப்போய் மனு ஏற்கப்பட்டது என்றே சிலர் படித்துவிடுவார்கள். அறிவுக் குறைவால் அல்ல. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். அதே செய்தியைச் சைகையில் சொன்னால், நான் எதிர்பார்க்காத கோணத்திலிருந்து எதிர்க்கேள்வி கேட்பார்கள்.

இப்போது அவசரம் ஏனென்றால், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அந்த நாற்காலியில் காதுகேளாதவரும் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இதையெல்லாம் கேட்டுப் பெற, காதுகேளாதவர்கள் தங்களுக்குள் பேசித் தெளிய ஓர் இடம் தேவை. காரைக்குடியில் இருவர், கானாடுகாத்தானில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பவர்களுக்கு அந்த இடம் கைப்பேசித் திரைதான்.

ஆகவே அட்மின் காதுகேளாதவராக இருக்கட்டும். நீங்கள் உதவிக்கு நில்லுங்கள், போதும். குரல் பதிவை அறவே நிறுத்துங்கள். எந்தச் செய்தியும் முதலில் சைகை வீடியோவாக வரட்டும், எழுத்து அதற்குத் துணையாக. கட்டைவிரலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புரிந்ததை அவரே திரும்பச் சைகையில் சொல்லி அனுப்பட்டும்.

வீடியோ கூட்டத்தில் இன்னொரு சிக்கல். பேசுபவரைப் பெரிதாகக் காட்டும் அமைப்பு சத்தத்தைத்தான் பின்தொடரும். சைகை செய்பவர் எங்கோ மூலையில் கிடப்பார், இருமியவர் திரையை நிரப்புவார். எல்லாரும் தெரியும்படி வையுங்கள், சைகை செய்பவரை ஒவ்வொரு முறையும் திரையில் நிலைநிறுத்துங்கள் (pin). ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும். இடுப்பு வரை திரையில் தெரிய வேண்டும்.

அப்புறம், ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். எழுத்தில் கருத்துச் சொல்கிறவர் பெயரை மறைத்துக்கொள்ளலாம். சைகையில் சொல்கிறவர் முகத்தோடுதான் சொல்கிறார். ஒரு கட்சியையோ வார்டு உறுப்பினரையோ விமர்சித்த வீடியோ முதலாளியின் கைப்பேசிக்குப் போனால் வேலையே போகலாம். அனுமதி கேட்காமல் ஒன்றையும் பார்வர்டு செய்யாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 11 தேர்தல் தொடர்பான செய்திகள் அவர்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 42 மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுகிறது. மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று முன்கூட்டியே தெரிந்த நாள்களில் கூடுகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முந்தின நாள் போனில் கேட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள். சில வாரங்களுக்கு முன்பே ஊராட்சிக்கும், சிவகங்கையில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். அந்த மனுவில் என்ன இருக்கிறது என்பதைச் சைகை வீடியோவாக்கிக் குழுவில் போட்ட பிறகு கையெழுத்துக்குக் கொடுங்கள்.