பிளான்ல மேற்கு எந்தப் பக்கம்னு மொதல்ல கேளுங்க

மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு பழைய மண்டபம் இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நிச்சயதார்த்தம் வெச்சா அஞ்சரைக்கெல்லாம் மாப்பிள்ளையோட சந்தனம் மூக்கு வரைக்கும் வழிஞ்சிரும். சரின்னு காசு தெரட்டி ரெண்டரை ஹோர்ஸ்பவர் ஏர்கோன் எட்டு மாட்டினோம், வேக்காடு கொறஞ்சுச்சு, ஆனா ஒரு மாதிரி ஈரக் குளிரு, பட்டுச்சேலை ஒடம்போட ஒட்டிக்கிது, சுவத்து ஓரமெல்லாம் பூசணம், கரண்டு பில்லைப் பாத்துட்டு பொருளாளர் ரெண்டு நாளா யார்கூடவும் பேசல.

இப்போ புது மண்டபம் கட்டிட்டிருக்கோம். எங்க லயத்துல, அதான் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புல, வளந்த பொண்ணு ஒன்னு கோலாலம்பூர்ல சஸ்டைனபிலிட்டி கன்சல்டன்ட்டா வேலை பாக்குது, கட்டடம் எவ்ளோ கரண்டு தின்னும், எங்க சூடு உள்ள வரும்னு கட்டுறதுக்கு முன்னாடியே கணக்கு போட்டுச் சொல்ற வேலை. பிளான் போடுறப்போ கமிட்டி கூட்டத்துக்கு வந்துச்சு. கொன்ட்ராக்டர் பிளானை விரிச்சதும் கேட்ட மொத கேள்வி, "அங்கிள், இதுல மேற்கு எந்தப் பக்கம்?" எங்க யாருக்கும் தெரியல, பிளான்ல வடக்குக் காட்டுற அம்புக்குறியே இல்ல.

ஏன் மேற்குன்னு கேட்டோம். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு 5 டிகிரிக்கும் கொஞ்சம் கம்மியா வடக்கால இருக்கு, அதனால சூரியன் வருஷம் பூரா கிட்டத்தட்ட தலைக்கு மேலயே போகுது. 1982ல கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால தள்ளி வெச்சதுல, இங்க சூரியன் உச்சிக்கு வர்றதே ஒன்னே கால் மணி வாக்குல தான். அப்போ அஞ்சே காலுக்கு, நாம விசேஷம் வெக்கிற நேரத்துக்கு, சூரியன் இன்னும் 30 டிகிரி ஒசரத்துல நின்னு மேற்குச் சுவத்தை நேரா பாக்குது. அந்த நேரத்துல 4 அடி சன்ஷேட் போட்டாலும் மேற்குச் சுவத்துல ரெண்டேகால் அடி தான் நிழல் விழும், மிச்சமெல்லாம் வெயில். அதே 4 அடியை வடக்குச் சுவத்துல போடுங்க, ஜூன் மாசம் உச்சி வெயில் 71 டிகிரில வருது, நிழல் கிட்டத்தட்ட 12 அடிக்கு எறங்கும். தெக்குச் சுவத்துல டிசம்பர்ல ஏழரை அடி. அதே சிமெண்டு, அதே கூலி, திசை மட்டும் தான் வேற.

எங்க பழைய மண்டபத்தோட நீளச் சுவரு எந்தப் பக்கம் பாக்குதுன்னு நான் சொல்லவே வேணாம், அதுல கண்ணாடி ஜன்னல் வேற வரிசையா!

இதெல்லாம் புதுசா கண்டுபுடிச்சதும் இல்ல. தோட்டத்துத் தொரை பங்களா பாத்தவங்களுக்குத் தெரியும், சுத்தி அகலமா வராண்டா, தரையில இருந்து தூக்கிக் கட்டின வீடு, வெயில் உள்சுவத்தைத் தொடாது. கரண்டு இல்லாத காலத்து மூளை அது. நாம தான் ஏர்கோன் வந்ததும் பெட்டி மாதிரி கட்டிட்டு மெஷினை வெச்சு சமாளிக்கலாம்னு எறங்கிட்டோம்.

பிளானை 90 டிகிரி திருப்பிட்டா போதும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒடனே வாஸ்து பேச்சு வந்துருச்சு, வாசல் கெழக்கு பாக்கணும்னு தலைவர் ஒத்தக்கால்ல நின்னாரு. அவரு சொன்னபடியே ஆச்சு, எப்படின்னா வாசலை கெழக்கு பாத்த குட்டைச் சுவத்துல வெச்சுட்டா நீளச் சுவரு ரெண்டும் தானா வடக்கும் தெக்கும் போயிருது. மேற்குக் கடைசில ஸ்டோரும் டாய்லெட்டும். நாற்காலி அடுக்கி வெக்கிற ரூம் வெயில்ல காஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்.

பேப்பர்ல பென்சிலா இருக்குறப்போ இதைச் செய்ய ஒரு ரப்பர் போதும். பிளான் கவுன்சில்ல பாஸாகி அஸ்திவாரத்துக்கு பைலிங் எறங்கிட்டா அப்புறம் கன்சல்டன்ட் வந்து என்ன பண்ணுவாரு, எந்த பிராண்டு ஏர்கோன் நல்லதுன்னு சொல்லிட்டுப் போவாரு, அவ்ளோ தான். பெரிய கட்டடங்கள்ல இவங்க கம்ப்யூட்டர்லயே கட்டடத்தைக் கட்டி வருஷத்தோட 8760 மணி நேரத்தையும் ஓட்டிப் பாப்பாங்க. புத்ராஜெயால எரிசக்தி ஆணையத்தோட டைமண்ட் பில்டிங் 2010ல முடிஞ்சது, அதோட சுவரு வெளிப்பக்கமா 25 டிகிரி சாஞ்சிருக்கும், மேல் மாடி கீழ் மாடிக்குக் கொடை பிடிக்கும். கட்டி முடிச்சப்புறம் சுவத்தைச் சாய்க்க முடியுமா?

சரி, எட்டு ஏர்கோன் போட்டும் ஏன் அந்த ஈரக் குளிரு? இது எனக்கு நெசமாவே ஆச்சரியமா இருந்துச்சு. ஏர்கோன் ரெண்டு வேலை செய்யுது, காத்தைக் குளிர வெக்கிறது ஒன்னு, காத்துல உள்ள தண்ணியைப் புழியிறது ஒன்னு. ஐஸ் தண்ணி டம்ளர் வெளிய வேர்க்குதே, அதே மாதிரி மெஷினுக்குள்ள சில்லுனு இருக்குற குழாய்ச் சுருள், அதான் காயில், அது மேல ஈரம் படிஞ்சு பைப் வழியா சொட்டும். ஆனா சொட்டுறதுக்கு நேரம் வேணும். தெர்மோஸ்டாட்டுக்கு சூடு மட்டும் தான் தெரியும், ஈரம் தெரியாது. தேவைக்கு மேல பெரிய மெஷின் வெச்சா ஆளு கம்மியா இருக்குற நாள்ல அஞ்சு நிமிஷத்துல 20 டிகிரிக்குக் கொண்டு வந்துட்டு நின்னுரும், காயில்ல படிஞ்ச தண்ணி திரும்ப காத்துக்கே போயிரும். நாம வேர்க்குதுன்னு இன்னும் கொறச்சு வெப்போம், சுவரு சில்லுனு ஆகும், பூசணம் வரும். கட்டடத்துல கரண்டை மிச்சம் பண்றதுக்கு நம்ம நாட்டுல இருக்குற எம்எஸ் 1525 ஸ்டாண்டர்டு 24ல இருந்து 26 டிகிரி போதும்னு தான் சொல்லுது, மேல ஒரு காத்தாடி சுத்தினா 26 தாராளமா தாங்கும்.

பெரிய மெஷினை யாரு வேணாம்னு சொல்லுவா? விக்கிறவரு சொல்ல மாட்டாரு. எஞ்சினியர் ஃபீயும் பல வேலைகள்ல செலவுல இத்தனை பர்சன்ட்டுன்னு தான் வருது, மெஷினு சின்னதானா அவரு காசும் சின்னதாகும், அவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அதனால கொறைக்கச் சொல்றதுக்குன்னே ஒரு ஆளு மேசையில வேணும். அந்தப் பொண்ணு நம்ம மண்டபத்துக்குக் கணக்கு போட்டப்போ மொதல்ல மனுஷங்களை எண்ணுச்சு, உக்காந்திருக்குற ஒரு ஆளு கிட்டத்தட்ட 100 வாட் சூடு விடுவாரு, 300 பேரு வந்தா 30 கிலோவாட், அதைக் கொறைக்க முடியாது, பந்திக்கு வராதீங்கன்னு சொல்ல முடியுமா. கொறைக்க முடிஞ்சது சுவரும் கூரையும் தான்.

கூரைல தான் சண்டையே வந்துச்சு. மத்தியானத்துல தகரம் 60 டிகிரி தாண்டிக் கொதிக்கும். சூடான காத்து மேல தான் போகும், அப்போ அந்தச் சூடு நம்ம மண்டைக்கு எப்படி எறங்குது? பெரும்பாலும் கதிரா எறங்குது, பழுத்த தோசைக்கல்லைத் தலைக்கு மேல பிடிச்ச மாதிரி. ஒரு பரப்பு அந்தச் சூட்டுல அதிகபட்சமா விடக்கூடிய கதிர்ல சாதாரண பரப்பு 90 பர்சன்ட் வாக்குல விடும், பளபளன்னு இருக்குற அலுமினிய ஃபாயில் 5 பர்சன்ட் தான் விடும். ஆனா அந்த ஃபாயிலுக்கு முன்னாடி காத்து எடைவெளி இருக்கணும், ரெண்டு பக்கமும் எதையாவது தொட்டுக்கிட்டு இருந்தா அதுவும் வெறும் தகரம் தான். போன வாரம் சைட்டுக்குப் போனா, ஃபாயிலை மேல தகரத்தோட ஒட்ட வெச்சு, ராக்வூலை, அதான் சூடு தடுக்குற பஞ்சுப் பாயை, கீழ விரிச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணு ஏணி மேல ஏறி கையால தொட்டுப் பாத்துட்டு, "அண்ணே, பாயைத் திருப்பிப் போட்டுட்டீங்க"ன்னுச்சு. கொன்ட்ராக்டருக்கு மொகம் செவந்துருச்சு, இருபது வருஷமா இப்படித்தான் போடுறேன்னாரு. கடைசில ரெண்டு நாள் வேலை, எல்லாத்தையும் கழட்டி ராக்வூல் மேல, ஃபாயில் கீழ சீலிங்கைப் பாத்த மாதிரி மாத்தினாங்க, அப்படி இருந்தா தூசியும் படியாது.

ஏர்கோன் எத்தனைன்னு இன்னும் ஆர்டர் குடுக்கல. கூரை முடிஞ்சதும் ஒரு மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாரும் உள்ள போய் அரை மணி நேரம் சும்மா உக்காந்து பாக்கணுமாம், பொருளாளர் மொத ஆளா பேரு குடுத்துட்டாரு.