வால்வு சுருக்கமா, கசிவா? கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது

இதய வால்வில் கோளாறு உள்ள பெண் கருத்தரிக்கலாமா என்று குடும்பத்தார் கேட்கும்போது, வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா என்பதைத்தான் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் நான் முதலில் தேடுவேன். கர்ப்பத்தில் உடலின் இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நாடித்துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை உயர்கிறது. அதேவேளை இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. இந்தத் தளர்ச்சியால் இரத்தம் முன்னோக்கிச் செல்வது எளிதாவதால், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறையாதவரை, கசிவுள்ள பெண்கள் பெரும்பாலும் கர்ப்பத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை விரியும் அந்த வாயில், 1.5 அல்லது அதற்கும் கீழே குறுகிவிட்டால் கடுமையான சுருக்கம் என்கிறோம். இடது மேலறையிலிருந்து இரத்தம் கீழே இறங்குவது இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்தில்தான். துடிப்பு வேகமெடுக்க அந்த நேரம் குறைகிறது, இறங்க வேண்டிய இரத்தமோ கூடுகிறது, தேங்கும் அழுத்தம் நுரையீரலில் நீர் கோக்க வைக்கிறது. அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு, கர்ப்பத்தின் நடுப்பகுதியில்தான் இந்நோய் முதன்முதலாக வெளிப்படுவதும் உண்டு. "படுத்தால் இருமல் வருகிறது, எழுந்து உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது" என்று கர்ப்பிணி சொன்னால், சளி மருந்து எழுதும் முன் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்பதும், எக்கோ எடுப்பதும் அவசியம். கருவில் குழந்தைக்குப் பாதிப்பில்லாமல் எக்கோ எடுக்கலாம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் ஓய்வும் போதாதபோது, பொருத்தமான வால்வாக இருந்தால், 20 வாரங்களுக்குப் பிறகு பலூன் கொண்டு விரிக்க முடியும். ஆனால் அதைக் கருத்தரிக்கும் முன்பே செய்துகொள்வதே மேல்.

உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களின் சிக்கல் வேறு. வால்வில் இரத்தம் உறையாமல் தடுக்க அவர்கள் உண்ணும் வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடந்து செல்வதால், குறிப்பாக 6 முதல் 12 வாரங்களுக்குள், சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். உறைவைத் தடுக்கும் ஊசி மருந்தான ஹெப்பாரின் அவ்வாறு கடப்பதில்லை, எனினும் அதில் வால்வில் இரத்தம் உறையும் அபாயம் கூடுதல். எந்த மாதத்தில் எந்த மருந்து என்பதை அவர் உட்கொள்ளும் வார்ஃபரின் அளவை வைத்து மருத்துவர் முடிவு செய்வார். குழந்தைக்கு ஆகாது என்று கேள்விப்பட்டுத் தானாக மாத்திரையை நிறுத்துவது, வால்வை அடைபடச் செய்து தாயின் உயிரையே பறித்துவிடலாம்.

வால்வு நோய் என்றாலே சிசேரியன்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நோய் கட்டுக்குள் உள்ள பலருக்குச் சுகப்பிரசவமே பாதுகாப்பானது. குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்கி, அதிலிருந்த இரத்தம் திடீரென இதயத்துக்குத் திரும்புவதால், மூச்சுத்திணறல் அப்போதுதான் முற்றும். ஆகவே, உறவினர்கள் நிம்மதியடைந்துவிட்ட அந்த முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கும் தாயைத் தீவிரக் கண்காணிப்பிலேயே வைத்திருக்கிறோம்.