குலுக்கினால் தெரியும் நோய்

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் ஒரு நிமிட வீடியோ அனுப்பியிருந்தார். குடும்பத்தோடு ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எடுத்தது. எலும்பும் தோலுமாக ஒரு புள்ளிமான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறது, ஹாரன் அடித்தும் நகரவில்லை. கூடவே கேள்வி: "சார், வாட்ஸ்அப்ல சுத்துதே, அமெரிக்கா ஜாம்பி மான் நோய், அதுவா இது? நம்ம ஊர்ல இதுக்கு டெஸ்ட் உண்டா? பசங்களைக் குரும்பப்பட்டி பூங்காவுக்கு அடிக்கடி கூட்டிட்டுப் போறோம், பயமா இருக்கு."

முதலில் பயத்துக்குப் பதில். அதுவாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. நாள்பட்ட மெலிவு நோய் என்று அதைத் தமிழில் சொல்லலாம். வட அமெரிக்கா, தென் கொரியா, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று சில நாடுகளில்தான் இதுவரை பதிவாகியிருக்கிறது, அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நம் மலையில் ஒரு மான் மெலிந்து நின்றால் குடற்புழுவாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், பல் தேய்ந்த கிழமாக இருக்கலாம், அல்லது சுற்றுலா வருகிறவர்கள் உப்பு வாசனையோடு வீசிவிட்டுப் போகும் சிப்ஸ் கவர்கள் இரைப்பையில் பந்தாய்ச் சுருண்டு கிடக்கலாம். பந்தயம் கட்டச் சொன்னால் நான் சிப்ஸ் கவர் மேல்தான் கட்டுவேன்.

ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதி, அந்த டெஸ்ட், அது என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த நோயைக் கண்டுபிடிப்பதற்கு மனிதர்கள் செய்த ஒரு தந்திரம் இருக்கிறது. அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக வாய் துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

கதை 1967இல் கொலராடோவில் ஆரம்பிக்கிறது. போர்ட் காலின்ஸ் நகரத்தில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்கள் காரணமே தெரியாமல் மெலிந்து, எச்சில் ஒழுக்கி, தள்ளாடிச் செத்தன. தீவனக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் கழித்து, 1978இல், எலிசபெத் வில்லியம்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்த மான்களின் மூளைத் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பி நோயில் பார்த்த அதே ஓட்டைகள். 1981இல் காட்டில் திரிந்த ஒரு எல்க் மானிடமும் அது கிடைத்தது. இன்று அமெரிக்காவில் 30 மாநிலங்களுக்கு மேல் பரவிவிட்டது.

காரணம் பிரியான். பள்ளியில் நோய்க்கிருமி என்றால் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை என்று படித்தோம். இது எதிலும் சேராது, இது வெறும் புரதம். அதுவும் வெளியிலிருந்து வந்த புரதம்கூட இல்லை, நரம்புச் செல்களின் மேல் எல்லாப் பாலூட்டிகளுக்கும் இருக்கும் சாதாரணப் புரதம்தான். கஞ்சி போட்ட ஒரு பருத்திப் புடவையை ஒழுங்காகவும் மடிக்கலாம், தாறுமாறாகவும் மடிக்கலாம். நூல் அதேதான், மடிப்புதான் வேறு. பிரியானும் அப்படித் தப்பாக மடிந்த புரதம். அதோடு பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தைத் தொட்டு அதையும் தன் மடிப்புக்கே இழுத்துவிடும். தயிருக்கு உறை ஊற்றுவது போல என்று சொல்ல ஆசைதான், ஆனால் அங்கே பாக்டீரியா பெருகுகிறது, இங்கே உயிரே கிடையாது. கற்கண்டு சரியான உதாரணம். பாகில் ஒரு சின்னப் படிகம் விழுந்தால் கரைந்திருக்கும் சர்க்கரையெல்லாம் அதன் மேல் அதே வடிவத்தில் போய் ஒட்டிக்கொள்கிறதே, அது. 1982இல் ஸ்டான்லி புரூசினர் இதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தபோது ரொம்பப் பேர் நம்பவில்லை, 1997இல் அவருக்கே நோபல் கொடுத்தார்கள்.

இப்போது டெஸ்ட் எடுப்பவரின் தலைவலியைப் பாருங்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு ஆர்டி-பிசிஆர் என்றால் குழந்தைக்கும் தெரியும், கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடித்துப் பெருக்குவது. பிரியானுக்கு மரபணுவே இல்லை. சரி, ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கலாமா? உடம்பு அதைத் தன் சொந்தப் புரதமாகவே நினைப்பதால் எதிர்ப்பொருள் உருவாக்குவதில்லை. வெளியே அறிகுறி தெரியவும் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதுவரை மான் கொழுகொழுவென்றுதான் இருக்கும், ஆனால் எச்சிலிலும் மூத்திரத்திலும் சாணத்திலும் பிரியான் வெளியேறி மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும், வருடக்கணக்கில் அழியாமல் கிடக்கும்.

அதனால் ரொம்ப காலமாக ஒரே வழி, செத்த மானின் தலை. எடுப்பது இரண்டு இடத்தில். ஒன்று, தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணு, நாம் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே அந்த வகைதான். இன்னொன்று, மூளைத்தண்டில் கவட்டை மாதிரி பிரியும் ஒபெக்ஸ் என்ற சின்ன இடம். கத்தி கொஞ்சம் தள்ளிப் போனாலும் எடுத்த துண்டால் பிரயோஜனம் இல்லை. மான்களில் பெரும்பாலும் கணுவில்தான் முதலில் தெரியும், மூளைக்குப் பிறகுதான் போகும். இந்தத் திசுவில், ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்பொருளை வைத்துப் புரதத்தைத் தேடும் எலிசா பரிசோதனை செய்வார்கள், சந்தேகம் வந்தால் மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றிய எதிர்ப்பொருள் கொண்டு மைக்ரோஸ்கோப்பில் உறுதி செய்வார்கள். இங்கே ஒரு சிக்கல். எதிர்ப்பொருளுக்கு நல்ல மடிப்பும் கெட்ட மடிப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் சில முறைகளில் முதலில் புரோட்டினேஸ் கே என்ற நொதியை விட்டு எல்லாவற்றையும் தின்ன விடுகிறார்கள். முடியின் கெரட்டினையே செரித்துவிடும் நொதி அது, பெயரில் உள்ள கே அங்கிருந்து வந்ததுதான். நல்ல புரதத்தைச் சுத்தமாகத் தின்றுவிடும், பிரியானின் நடுக்கட்டையை மட்டும் தின்ன முடியாமல் விட்டுவிடும். மிச்சம் இருந்தால் நோய்.

உயிரோடு இருக்கும் மானுக்கு மயக்க மருந்து கொடுத்து டான்சிலிலோ ஆசனவாய் ஓரச் சவ்விலோ ஒரு துணுக்கு எடுக்கலாம். ஆனால் ஆரம்பத்தில் தப்பிவிடும், வயதான மான்களில் அந்தச் சவ்வில் பார்க்க வேண்டிய திசுவே குறைந்துபோகும்.

சரி, நான் சொல்ல வந்த தந்திரம் இதுதான். ஆர்டி-குயிக் என்று பெயர், பதினைந்து வருடத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. பிரியானைத் தேடாதே, அது செய்கிற அயோக்கியத்தனத்தையே நம் கண் முன்னால் செய்ய வை என்பதுதான் யோசனை. அதற்கு 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, இட்லித் தட்டின் குட்டித் தம்பி என்று வையுங்கள். ஒவ்வொரு குழியிலும் பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த நல்ல புரதம் நிறைய. அதில் மானின் திசுக் கரைசல் 2 மைக்ரோலிட்டர், ஒரு துளியில் சிறு பங்கு. அதில் ஒரே ஒரு கெட்ட படிகம் இருந்தாலும் நல்ல புரதங்கள் ஒவ்வொன்றாக அதன் முனையில் போய் ஒட்டி நீளமான இழையாக வளரும். ஆனால் இழைக்கு முனை இரண்டுதான். இரண்டு முனையில் வளர்ந்தால் என்றைக்கு முடிவது? அதனால் தட்டையே ஒரு நிமிடம் குலுக்குகிறார்கள், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி குலுக்கல். குலுக்கும்போது இழை உடைகிறது. ஒன்று இரண்டானால் முனை நான்கு, அவை வளர்ந்து மறுபடி உடைந்தால் எட்டு, பதினாறு. ஓய்வில் வளர்ச்சி, குலுக்கலில் பெருக்கம், இப்படியே ஒரு நாள், இரண்டு நாள்.

சேலத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் சேகோ ஆலைகளில் ஈர மரவள்ளி மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கினால் அது உருண்டு திரண்டு ஜவ்வரிசி மணியாகும். அங்கே குலுக்கினால் சேர்கிறது, இங்கே குலுக்கினால் உடைகிறது, அந்த உடைப்பில்தான் பெருகுகிறது. குலுக்காமல் விட்டாலும் மெதுவாக நடக்கும், ஆனால் ரிசல்ட் வருவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும்.

இழை வளர்ந்தது எப்படித் தெரியும்? குழிக்குள் தயோபிளேவின் டி என்ற சாயமும் இருக்கிறது. அதன் மூலக்கூறில் இரண்டு வளையங்கள் ஒற்றைப் பிணைப்பில் கோத்துக் கிடக்கும், தண்ணீரில் அவை சுதந்திரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும், மேலே விழும் நீல ஒளியின் ஆற்றலையெல்லாம் அந்த ஆட்டத்திலேயே விரயம் செய்துவிடும். பிரியான் இழையின் நெருக்கமான இடுக்கில் போய் மாட்டினால் ஆட முடியாது. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் படிக்கட்டுக்கும் கண்டக்டருக்கும் நடுவில் சிக்கினவர் போல, கை காலை அசைக்க வழியில்லை, கத்துவது ஒன்றுதான் பாக்கி. அந்தச் சாயம் பச்சை ஒளியாகக் கத்துகிறது. மிஷின் நிமிடக் கணக்கில் அந்த வெளிச்சத்தை அளந்துகொண்டே இருக்கும். பல மணி நேரம் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், திடீரென்று செங்குத்தாக எழும். எவ்வளவு சீக்கிரம் எழுகிறதோ அவ்வளவு அதிகப் பிரியான் இருந்தது என்று பொருள். ஒரு மாதிரியையே நான்கு குழி, எட்டு குழி என்று போட்டுப் பார்ப்பார்கள், ஏனென்றால் ரொம்ப நேரம் குலுக்கினால் நல்ல புரதமும் சில சமயம் தானாகவே கெட்டுப்போகும், அதற்காக நேர வரம்பும் உண்டு. இதில் எனக்குப் பிடித்த ஒரு விநோதம்: மூளைக் கரைசலைக் கெட்டியாகப் போட்டால் டெஸ்ட் வேலை செய்யாது, மூளையிலேயே இருக்கும் வேறு பொருட்கள் வினையைத் தடுத்துவிடும். ஆயிரம் மடங்கு தண்ணீர் விட்டால்தான் நன்றாக வரும்! எச்சில், சாணம், காது மடலில் ஒரு துணுக்குத் தோல் என்று எதையெதையோ இப்போது இதில் போட்டுப் பார்க்கிறார்கள்.

பண்ணை மானுக்கும் காட்டு மானுக்கும் டெஸ்ட் ஒன்றுதான், கணக்குதான் வேறு. அமெரிக்காவில் சான்றிதழ் திட்டத்தில் சேர்ந்த பண்ணை என்றால், 12 மாதத்துக்கு மேற்பட்ட எந்த மான் எப்படிச் செத்தாலும் தலையை அனுப்ப வேண்டும், ஐந்து வருடம் நோய் இல்லாமல் இருந்தால்தான் சான்று. காட்டில் எல்லா மானையும் யார் பிடிப்பது? வேட்டைக்காரர்கள் கொடுக்கும் தலைகளும் வண்டியில் அடிபட்டவையும்தான் மாதிரிகள். நூற்றில் ஒரு மானுக்கு நோய் இருந்தால் அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்கக் கிட்டத்தட்ட 300 தலை வேண்டும், அதுவும் ஒரே பக்கமாக எடுக்காமல் பரவலாக எடுத்திருக்க வேண்டும். 50 தலை பார்த்துவிட்டு "எங்கள் காட்டில் நோயே இல்லை" என்று அறிக்கை விடுவது இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கிவிட்டு அண்டாச் சோறும் வெந்துவிட்டது என்பது போல. சோறாவது ஒரே அடுப்பில் வேகிறது.

"வராத நோய்க்கு எதற்கு ஆய்வுக்கூடம், எதற்குப் பணம்" என்று கேட்பவர்கள் உண்டு, நிதி ஒதுக்குகிற நாற்காலிகளிலும் உண்டு. அவர்களுக்கு நார்வேயைக் காட்டுவேன். 2016இல் காட்டு ரெயின்டீர்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டப் போன குழு, நோயுற்றிருந்த ஒரு மான் செத்துப்போனதும் அதை ஆய்வுக்கு அனுப்பியது. அப்படித்தான் ஐரோப்பாவில் இந்த நோய் முதன்முதலாகத் தெரிந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் ரெயின்டீர்கள் கொண்ட அந்த மந்தையையே அவர்கள் அழிக்க வேண்டி வந்தது, கொடுமைதான், ஆனால் செத்த மானைப் புதைத்துவிட்டு நடந்திருந்தால் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கும்? நமக்கும் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போபாலில் உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் இருக்கிறது. செத்த காட்டு மானின் மூளைத்தண்டை வெட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆகும் செலவு, ஒரு அரசு விழாவின் பந்தல் செலவுக்குக்கூட வராது என்பது என் அபிப்பிராயம். நம் மான்களுக்கு வரவே வராது என்றும் இருந்துவிட முடியாது: கேளையாடு என்கிற நம் குட்டி மானுக்குச் சீனத்தில் ஒரு உறவு உண்டு, அதற்கு இந்த நோயை ஆய்வகத்தில் தொற்ற வைத்துக் காட்டியிருக்கிறார்கள், தாயிடமிருந்து குட்டிக்குப் போவதையும் அதில்தான் பார்த்தார்கள்.

இன்னும் ஒரு விஷயம், அந்த வாசகரின் வீடியோவுக்குக் கீழே யாரோ "மான் கொம்புப் பொடி சாப்பிட்டால் எந்த நோயும் அண்டாது" என்று எழுதியிருந்தார். 1972ஆம் வருட வன உயிரினச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வட அமெரிக்காவில் நோயுற்ற எல்க்கின் பூங்கொம்பிலேயே, அதாவது வளரும் கொம்பின் மேலிருக்கும் வெல்வெட் தோலில், பிரியான் கிடைத்திருக்கிறது. இந்த நோய் மனிதருக்கு வந்ததாக இதுவரை ஒரு பதிவும் இல்லை. ஆனாலும் நோயுள்ள பகுதியில் சுட்ட மானை டெஸ்ட் செய்யாமல் சாப்பிடாதே என்றுதான் அங்கே சொல்கிறார்கள், ஏனென்றால் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பிரியான் பிரியானாகவேதான் இருக்கும்.

வாசகருக்குத் தனியாக எழுதினேன்: பசங்களைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். அந்த மானைப் பார்த்த வளைவின் நம்பரை மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்க்கட்டும். "பதினேழோ பதினெட்டோ சார்" என்று பதில் வந்திருக்கிறது.