பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது?

கோத்தகிரிக்கு அந்தப்பக்கம் கோடநாடு காட்சிமுனையில் நின்று பார்த்தால், அடிவாரத்தில் மாயாறு நூல் மாதிரித் தெரியும். அதன் கரையில்தான் தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டம்தான், ஆனாலும் ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் வழியாக வருகிறவர்கள் காலங்காலமாக ஆற்றைத் தாண்டி ஊருக்குள் போனது பரிசலில். ஆறு போய்ச் சேரும் பவானிசாகர் அணையில் மீன் பிடிப்பதும் பரிசலில்தான்.

ஒருமுறை ஆசைப்பட்டுத் துடுப்பை வாங்கிப் போட்டேன். செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. "பக்கத்துல போட்டா சுத்தத்தானுங்க செய்யும், முன்னாடி போட்டு இழுங்க" என்றார் பரிசல்காரர். விஷயம் இதுதான்: நீளப் படகைத் திருப்ப முயன்றால் அதன் பக்கவாட்டுத் தண்ணீர் எதிர்க்கும், வட்டப் பரிசலில் அந்தத் தடுப்பே கிடையாது. முன்னால் போட்டு இழுத்தால் விசை நடுமையம் வழியாகப் போவதால் சுற்றாமல் நகர்கிறது.

அப்புறம் ஏன் வட்டம்? கணக்குப் போடுவோம். 2 மீட்டர் விட்டமுள்ள தட்டையான அடிப்பாகத்தின் பரப்பு சுமார் 3.14 சதுர மீட்டர். ஆள், வலை, மீன், பரிசல் எல்லாம் சேர்ந்து 314 கிலோ என்றால், அது தண்ணீரில் இறங்குவது வெறும் 10 சென்டிமீட்டர், அரைச் சாண் கூட இல்லை. பாறை நிறைந்த ஆற்றில் அடி தட்டாமல் போக இது போதும். இழுப்பு கீழே கொண்டுபோய்த் தள்ளினாலும், கவிழ்த்துத் தலையில் வைத்துக் கரையோடு மேலே நடந்து வந்துவிடலாம்.

கட்டுவது பச்சை மூங்கிலில். பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டே அடியைப் பின்னி, ஓரத்தை மேலே வளைத்து விளிம்பு கட்டுவார்கள். முன்பு மேலே தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். கல்லில் மோதினால் கூடு கொஞ்சம் வளைந்து அந்த அதிர்ச்சியைப் பின்னல் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும். கிழிந்தால் ஒரு துண்டுச் சாக்கு, கொஞ்சம் தார், முடிந்தது வேலை. ஃபைபர் பரிசல் அப்படி வளையாது, விரிசல் விடும். ஆனால் அது உளுக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் துளைப்பூச்சி வருகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்து குறையும். அப்படியும் பரிசல் சில வருஷம்தான். அதனால் ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழையது போகப் போகப் புதிது பின்னும் ஆள் வேண்டும், அவருக்கு மூங்கில் கிடைக்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலை, காட்டில் வாழ்பவர்கள் எடுத்துக்கொள்ள உரிமையுள்ள சிறு வனப்பொருளாகச் சேர்த்திருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டதும் நமட்டுச் சிரிப்புச் சிரித்த அந்தப் பரிசல்காரர் வீட்டு வாசலில், தார் உரிந்த பழைய கூடு கவிழ்ந்து கிடந்தது, உள்ளே ஐந்தாறு கோழிக்குஞ்சுகள்.