உறைபனியில் கழிவுநீர் ஏன் சுத்தமாவதில்லை?

சென்னையின் கழிவுநீருக்கு வெயில் பெரிய துணை. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களுக்கு வந்து சேரும் நீர் மார்கழியிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே கரிமப் பொருளின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அடியில் தங்கும் கசடைச் செரித்து மீத்தேன் வாயு தரும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி தோதானது. இங்கே கசடை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர அதிகம் மெனக்கெட வேண்டாம். அந்த வாயுவில் இன்ஜின் ஓட்டி மின்சாரமும் எடுக்கிறார்கள்.

இதே தொட்டியை வட கனடாவின் நுனாவுட்டில் வைத்தால்? வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. 30 டிகிரியில் ஒரு நாளில் முடியும் வேலைக்கு 10 டிகிரியில் நான்கு நாள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் இன்னும் நோஞ்சான்கள்: 5 டிகிரிக்குக் கீழே அவை வேலையை அநேகமாக நிறுத்திவிடும். அம்மோனியா அப்படியே வெளியேறி மீன்களைக் கொல்லும். இத்தனைக்கும் குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும்: லிட்டருக்கு 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம், 0 டிகிரியில் 14.6. ஆனால் அங்கே கழிவுநீரைத் தேக்கும் குளத்தின் மேல் பனிக்கட்டி மூடிவிட்டால் காற்று உள்ளே போக வழியில்லை.

குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஃப்ரிட்ஜில் வைத்த தோசை மாவில் நுண்ணுயிர்கள் சாவதில்லை, சும்மா இருக்கின்றன. வெளியே எடுத்தால் புளிக்கத் தொடங்கும். ஹெபடைடிஸ் ஏ வைரஸ், நோரோவைரஸ், ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடுகள் போன்றவை உயிருள்ள உடலுக்கு வெளியே பெருகுவதில்லை என்றாலும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட, வீரியம் அதிகம் குறையாமல் கிடக்கும். சூட்டிலும் வெயிலிலும் அவை சீக்கிரம் அழியும். குளோரினும் குளிரில் மந்தமாகிறது: ஜியார்டியாவைக் கொல்ல 20 டிகிரியில் அரை மணி நேரம் போதுமென்றால், 10 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும்.

நுனாவுட்டின் தரை ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் மண். குழாயைச் சும்மா புதைத்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். கழிவுநீரின் சூட்டில் மண் இளகினால் குழாயே சாய்ந்துவிடும். செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழியும் பயன்படாது, உறைந்த மண் தண்ணீரைக் குடிக்காது. அதனால் அங்குள்ள 25 ஊர்களில் பெரும்பாலானவற்றில் சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான ஏற்பாடுதான்: தண்ணீர் லாரி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பும், இன்னொரு லாரி கழிவுத் தொட்டியை உறிஞ்சிப் போகும். கழிவுத் தொட்டி நிரம்பினால், மிதவை சுவிட்ச் தண்ணீர் பம்பையே நிறுத்திவிடும். பனிப்புயலில் லாரி வராவிட்டால் குழாயிலும் தண்ணீர் இல்லை, கழிப்பறையிலும் இல்லை. லாரித் தண்ணீர் என்பதால் தலைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவுக்குத்தான் புழக்கம். தண்ணீர் குறையக் குறையக் கழிவு அடர்த்தியாகிறது. ஆகவே குளத்துக்கு வேலையும் கூடுகிறது.

அந்தக் குளம்தான் அங்கே சுத்திகரிப்பு நிலையம். பெரிய பள்ளம், சுற்றிலும் கரை, மோட்டார் எதுவும் இல்லை. எட்டு ஒன்பது மாதம் அது பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும். அப்போது நடப்பது திடப்பொருள் அடியில் படிவது மட்டுமே. கோடையில் இரவும் பகலும் வெயில் இருப்பதால் பாசி வளர்ந்து ஆக்சிஜன் தர, பாக்டீரியாக்கள் விழிக்கின்றன. ஓராண்டின் சுத்திகரிப்பு முழுவதும் அந்தச் சில வாரங்களில்தான். பிறகு மீண்டும் உறைவதற்குள் தெளிந்த நீரைப் பம்பு வைத்து வெளியேற்றி, சதுப்பு நிலத்தின் வழியே கடலுக்கு விடுகிறார்கள். கோடைத் தொடக்கத்திலேயே திறந்துவிட்டால் சுத்தமாகாத குளிர்கால நீர்தான் போகும். கரை கசிந்தாலும் அதே கதி. கடலோரத்தில் சிப்பி பொறுக்கித் தின்னும் மக்களுக்கு இது நேரடி ஆபத்து. சிப்பி நீரை வடிகட்டி உண்பதால் வைரஸ் அதன் உடலில் சேர்ந்துவிடும். கனடா 2012-இல் வெளியேறும் நீருக்கு லிட்டருக்கு 25 மில்லிகிராம் பி.ஓ.டி. (நீரில் உள்ள கழிவைத் தின்ன பாக்டீரியாக்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) என வரம்பு வைத்தபோது, தூர வடக்குப் பகுதிகளை அதிலிருந்து விலக்கி வைத்தது புரிந்துகொள்ளக் கூடியதே.

பி.ஓ.டி. எண்ணையும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். கனடாவில் மாதிரியை 20 டிகிரியில் 5 நாள் வைத்து அளப்பார்கள். இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள். இரண்டுமே ஆய்வகத்துச் சூட்டில் பாக்டீரியாக்கள் எவ்வளவு தின்னும் என்பதைச் சொல்கின்றன. 2 டிகிரியில் கிடக்கும் குளத்தில் அந்த உணவு தின்னப்படாமல் கிடக்கும்.

அலாஸ்காவின் சில கிராமங்களில் குளம்கூட வீடுகளிலிருந்து எட்டாத் தொலைவு. வீட்டுக்குள் பிளாஸ்டிக் பை போட்ட வாளிதான் கழிப்பறை. நிரம்பியதும் கையால் தூக்கிப் போய்க் கொட்ட வேண்டும். வழியில் சிந்துவது பனியோடு உறைந்து, வசந்தத்தில் மொத்தமாக இளகி, குழந்தைகளும் நாய்களும் நடக்கும் பாதையில் ஓடும். இருந்தும் குழாய்த் தண்ணீர் இல்லாத அந்தக் கிராமங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது, நிமோனியா முதலான மூச்சுநோய்களும் தோல் தொற்றும் அங்கே கூடுதல் என்பதை. வயிற்றுப்போக்கைத்தான் முதலில் எதிர்பார்ப்போம். காரணம், கழிவைக் காட்டிலும் கை கழுவத் தண்ணீர் இல்லாததுதான்: ஒரே பேசின் நீரில் வீட்டார் அனைவரும் கை கழுவினால் ஒருவர் கையில் உள்ளது எல்லார் கைக்கும் போகும்.

அதனால்தான் அலாஸ்காவின் கிவலினா கிராமத்தில் 2015-இல் சோதித்த வீட்டு அமைப்பில், குழாய்ச் சாக்கடையைப் பற்றி யோசிக்காமல் இரண்டு பொருள்களில் கவனம் வைத்தார்கள். ஒன்று, மேலே பொருத்திய தொட்டியிலிருந்து ஓடும் நீரில் கை கழுவும் பேசின். அதில் உருகிய பனியோ மழைநீரோ வடிகட்டி, குளோரின் சேர்த்து ஊற்றலாம். இன்னொன்று, சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் கழிப்பறை. சிறுநீர் தனியே போக, சிறிய மின்விசிறி மலத்தை உலர்த்திவிடும்; எடையும் நாற்றமும் குறைவதால் தூக்கிப் போவது எளிது. விசிறி நின்றாலோ, நாற்றக் காற்றை வெளியேற்றும் குழாயில் பனி படிந்து அடைத்தாலோ நாற்றம் வீட்டுக்குள் திரும்பும். குளிர்காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காற்றுக் குழாயைத்தான்.