குடித்தனக்காரங்க இருக்கற வீட்ட வாங்கினா காலி பண்ண வைக்கிறது எப்படி

மூணு நாலு போர்ஷன் வாடகைக்கு விட்ட வீட்ட வாங்கப் போறீங்கன்னா, பத்திரம் பண்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கதவையும் தட்டி ரெண்டே கேள்வி கேளுங்க, அக்ரிமென்ட் எப்ப முடியுது, அட்வான்ஸ் எவ்ளோ குடுத்திருக்கீங்க. ஏன்னா கிரயம் முடிஞ்சதும் குடியிருக்கறவங்க உரிமை ஒண்ணும் போயிடாது. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 109வது பிரிவுப்படி பழைய ஓனர் இருந்த இடத்துக்கு நீங்க வர்றீங்க, அவர் போட்ட அக்ரிமென்ட்ல இன்னும் ஏழு மாசம் இருந்தா அது உங்களையும் கட்டுப்படுத்தும். கிரயத்துக்கு முன்னாடி நின்னுபோன வாடகை பாக்கியும் தனியா எழுதி வாங்கலைன்னா உங்களுக்கு வராது. வீடு கைமாறினது தெரியாம ஒருத்தர் பழைய ஓனருக்கே வாடகை கட்டிட்டா அவர்கிட்ட மறுபடி கேக்க முடியாது, அதனால முதல் வாரமே எழுத்துல தெரிவிச்சு கையெழுத்து வாங்கிடுங்க.

அட்வான்ஸ் விஷயத்துல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பணம் வாங்கினது பழைய ஓனர், ஆனா காலி பண்றப்ப உங்ககிட்டதான் வந்து கேப்பாங்க. ஒரு போர்ஷன் லீசுக்கு விட்டிருந்தா அது லட்சக்கணக்குல நிக்கும், அத மொத்தமா கிரயத் தொகைல கழிச்சுடுங்க.

தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறைல இருக்கு. எழுத்துல அக்ரிமென்ட் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும். காலி பண்ண மாட்டேன்னா வாடகை நீதிமன்றத்துல மனு போடலாம், எழுத்துல அக்ரிமென்ட் போடாம இருக்கறது, ரெண்டு மாச வாடகை பாக்கி வச்சு நோட்டீசுக்கு அப்பறமும் கட்டாம இருக்கறது, ஓனர் சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விடறது, உங்க சொந்த உபயோகத்துக்கு வேணும்ங்கறது இதெல்லாம் காரணமா ஏத்துக்குவாங்க.

எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் கோவத்துல தண்ணி மோட்டார ஆஃப் பண்ணி பூட்டிட்டார், கைக்குழந்தை இருக்கற வீடு அது, மனசே கேக்கல. தண்ணி, கரண்ட்ட நிறுத்தறத இந்தச் சட்டமே தடை பண்ணுது. பூட்ட மாத்தி வெளிய தள்ளினாலும், 1963ல வந்த ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தோட 6வது பிரிவுல 6 மாசத்துக்குள்ள கேஸ் போட்டு அவங்க திரும்ப உள்ள வந்துடலாம், வீடு உங்க பேர்ல இருக்குங்கறது அங்க செல்லாது.

என்னைக் கேட்டா உக்காந்து பேசறதுதான் முதல்ல, பசங்க பரீட்சை முடியற வரைக்கும் டைம் குடுங்க, முடிஞ்சா சாமான் ஏத்தற வண்டிச் செலவையும் ஏத்துக்குங்க, கோர்ட்டுக்கு அலையறத விட அது கம்மிதான். சாவி வாங்குற அன்னிக்கு தேதி, திருப்பிக் குடுத்த அட்வான்ஸ், கரண்ட் பில் பாக்கி மூணையும் ஒரே பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுடுங்க.