கற்பனையில் ஒரு கனெக்டிகட்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு நெடுங்காலமாகப் பணம் தருவது, துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் தனியார் அறக்கட்டளைகள்தானே, உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்காமலா இருப்பார்கள் ஆய்வாளர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அரசு பின்வாங்கிய இடத்தில்தான் அறக்கட்டளைகள் நிற்கின்றன. 1993ல் ஆர்தர் கெல்லர்மன் குழு, வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு என்று எழுதியது. பணம் தந்தது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 1996ல் ஜே டிக்கி என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரால் அறியப்படும் திருத்தம் வந்தது: மையத்தின் பணத்தில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேடக் கூடாது. ஆய்வே செய்யக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் துப்பாக்கி ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவான அதே 26 லட்சம் டாலரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அதிகாரிகளுக்கு அது போதாதா? இருபது ஆண்டுகளுக்கு மேல் மையத்தின் துப்பாக்கி ஆய்வு முடங்கிக் கிடந்தது. ஆண்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் சாகும் ஒரு காரணத்தை எண்ணிப் பார்க்கக்கூட அரசு தயங்கியது பெரும் அநியாயம் என்பது என் கருத்து. டிக்கியே 2012ல், ஆய்வு நடக்க வேண்டும் என்று எழுதினார்.

அந்த வெற்றிடத்தில் முக்கியமாக நின்றது சிகாகோவின் ஜாய்ஸ் அறக்கட்டளை. 1993 முதலே இந்தத் துறைக்குப் பணம் தருகிறது. ஆய்வுக்கும் தருகிறது, பிரசார அமைப்புகளுக்கும் தருகிறது. ஒரு சட்டத்தை நிறைவேற்றச் சொல்லி உறுப்பினர்களை நெருக்குவதற்கென்று தனியார் அறக்கட்டளை பணம் ஒதுக்கினால் அமெரிக்க வரிச் சட்டம் தண்டவரி விதிக்கும். சார்பற்ற ஆய்வுக்குத் தடையில்லை. சரி, அந்த ஆய்வு சார்பற்றதா என்பதை எப்படிச் சோதிப்பது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த ஒரு கணக்கு வருகிறது.

1995ல் கனெக்டிகட் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கைத்துப்பாக்கி வாங்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பின்னணிச் சோதனை, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடிந்த பிறகுதான் கிடைக்கும். அதன் பின் துப்பாக்கிக் கொலைகள் குறைந்தன. ஆனால் தொண்ணூறுகளில் அமெரிக்கா முழுக்கவே கொலைகள் குறைந்துகொண்டிருந்தன. சட்டத்தால் குறைந்தது எவ்வளவு, தானாகக் குறைந்திருக்கக்கூடியது எவ்வளவு? அதை அறிய, சட்டம் வராத இன்னொரு கனெக்டிகட் வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. அதனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கில் ஒன்றை உருவாக்கினார்கள்.

அத்தகைய சட்டம் இல்லாத மாநிலங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்தார்கள். சிலவற்றுக்கு அதிகம், சிலவற்றுக்குச் சிறிது, பலவற்றுக்குப் பூஜ்யம், மொத்தம் ஒன்று. எடைகளை யாரும் மனம்போல வைக்க முடியாது. 1995க்கு முந்தைய ஆண்டுகளில் அந்தக் கலவையின் துப்பாக்கிக் கொலை வீதம் அசல் கனெக்டிகட்டின் வீதத்தோடு முடிந்தவரை ஒட்டிப் போகும்படி கணினிதான் எடைகளைத் தேர்கிறது. அப்புறம் அதே எடைகளோடு கலவையை 1995க்குப் பின்னும் ஓடவிடுகிறோம். இரண்டு கோடுகளும் அதுவரை ஒட்டி நடந்து, சட்டம் வந்த பிறகு பிரிகின்றன. அந்த இடைவெளிதான் சட்டத்தின் பலன் என்பது வாதம். 2015ல் வெளியான ஆய்வில் அது பத்தாண்டுகளில் சுமார் 40 சதவீதக் குறைவு.

இந்தப் பிரிவு தற்செயலாக இருக்கலாமே? அதற்கும் வழி உண்டு. சட்டமே வராத மாநிலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கேயும் 1995ல் சட்டம் வந்ததாகப் பாவித்து இதே கணக்கைப் போடுகிறார்கள். அங்கெல்லாம் இதே அளவு இடைவெளி விழுந்தால் கனெக்டிகட்டின் முடிவுக்கு மதிப்பில்லை. துப்பாக்கி இல்லாமல் நடந்த கொலைகளையும் தனியாகப் பார்த்தார்கள். அதில் அப்படியொரு குறைவு தென்படவில்லை. துப்பாக்கிச் சட்டம் கத்திக்குத்தைக் குறைக்கக் காரணமில்லை என்பதால், இது அழகான குறுக்குச் சோதனை.

வாசகரின் கேள்விக்குப் பதில் இந்தக் கணக்கின் திறந்த தன்மையில் இருக்கிறது. இறப்புப் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன, எடைகள் கட்டுரையிலேயே இருக்கின்றன. கற்பனைக் கனெக்டிகட்டில் பெரும்பங்கு ரோட் ஐலண்ட் என்ற சின்ன மாநிலம். அங்கே சில ஆண்டுகள் கொலை ஏறினாலே இடைவெளி பெரிதாகத் தெரியும் என்று விமர்சகர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். 2005ல் ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேட்டார்கள். 2020ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2017 வரை நீட்டிக் கணக்கிட்டபோது குறைவு சுமார் 28 சதவீதமாக இறங்கியது. அதையும் அவர்களே வெளியிட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் துப்பாக்கி ஆய்வு மையம் ஜாய்ஸிடம் நிதி பெற்றது என்பதால் அதன் தாள்களை ஒதுக்குவதைவிட, அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதே சரி.

பணம் தருபவரின் கை வேறு இடத்தில் நுழையும்: எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில். தற்காப்புக்குத் துப்பாக்கி எவ்வளவு பயன்படுகிறது என்று கேட்க ஆளில்லாவிட்டால் அந்தப் பக்கம் இருட்டாகவே கிடக்கும். அதனால்தான் 2018ல் அர்னால்ட் அறக்கட்டளை 2 கோடி டாலரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்தும் ஒரு கூட்டமைப்பிடம் கொடுத்து, மானியங்களைத் தனிக் குழு தேர்ந்தெடுக்கும்படி வைத்தது நல்ல ஏற்பாடாக எனக்குப் படுகிறது. அதே ஆண்டு ராண்ட் வெளியிட்ட மதிப்பாய்வு, குழந்தைகள் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்களுக்கு வலுவான ஆதாரம் உண்டு என்றது. வேறு பல சட்டங்களுக்கு, கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தனித்தனியே விரும்புபவை உட்பட, போதிய ஆதாரம் இல்லை என்றது.

2019 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஆய்வுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் குற்றத்தில் சிக்கிய துப்பாக்கி எந்தக் கடையில் முதலில் விற்கப்பட்டது என்ற விவரத்தை, 2003 முதல் வந்த இன்னொரு திருத்தம் ஆய்வாளர்களுக்குப் பூட்டி வைத்திருக்கிறது. எந்த அறக்கட்டளை எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தப் பதிவேட்டை வாங்க முடியாது. நாடாளுமன்றம்தான் திறந்துவிட வேண்டும்.